ஸ்கேனா, சர்ச்சா? எஸ்க்யூலைட் வேகம் எடுத்த கதை

சாரல் விழுந்துட்டிருக்கிற தென்காசியிலிருந்து இந்த எபிசோட். இன்னைக்கு ஒரு டேட்டாபேஸோட வரலாறு பார்க்கப் போறோம். இதை நீங்க கேட்டுட்டு இருக்கிற இதே போன்ல அது ஓடிட்டுத்தான் இருக்கு. பேர் எஸ்க்யூலைட். ஆண்ட்ராய்டு, ஐபோன், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாத்துக்குள்ளயும் இருக்கு. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் உங்க மெசேஜை எல்லாம் சேர்த்து வைக்கிறதும் ஒரு எஸ்க்யூலைட் ஃபைல்லதான்.

இதுக்கு சர்வர் கிடையாது. ஆப்புக்குள்ளேயே ஒரு லைப்ரரியா உட்கார்ந்திருக்கும். மொத்த டேட்டாவும் ஒரே ஒரு ஃபைல். இவ்வளவு சின்ன விஷயம் எப்படி வேகமாச்சு, சில நேரம் ஏன் ஆமை மாதிரி நகருது, அதை எப்படிச் சரி பண்றது? இதுதான் இன்னைக்குக் கதை.

ஒரு போர்க்கப்பல், நிறைய வால்வு

வருஷம் 2000. ரிச்சர்ட் ஹிப்னு ஒரு அமெரிக்க புரோகிராமர். ஜெனரல் டைனமிக்ஸ் கம்பெனிக்காக யூஎஸ்எஸ் ஆஸ்கர் ஆஸ்டின்ங்கிற போர்க்கப்பலுக்கு சாஃப்ட்வேர் எழுதிட்டு இருந்தார். கப்பல்ல அடிபட்டு ஒரு குழாய் உடைஞ்சா, எந்த வால்வை மூடணும், எதைத் திறக்கணும்னு சொல்ற சாஃப்ட்வேர். டேட்டா எல்லாம் இன்ஃபார்மிக்ஸ்னு ஒரு பெரிய டேட்டாபேஸ் சர்வர்ல இருந்துச்சு.

பிரச்சினை என்னன்னா, அந்த சர்வர் விழுந்தா ஹிப்போட புரோகிராமும் சேர்ந்து விழும். கப்பல் அடிபட்டு நிக்கிற நேரத்துல, "டேட்டாபேஸோட இணைய முடியவில்லை"னு ஸ்க்ரீன்ல வந்தா என்ன பிரயோஜனம்? நேரா டிஸ்க்ல இருக்கிற ஃபைலைப் படிச்சா போதுமே, நடுவுல சர்வர் எதுக்குன்னு அவர் யோசிச்சார். 2000 ஆகஸ்ட்ல எஸ்க்யூலைட்டோட முதல் வெர்ஷன் வந்துச்சு.

அந்த முதல் வெர்ஷன் உள்ளுக்குள்ள ஜிடிபிஎம்ங்கிற ஹாஷ் முறை லைப்ரரியை நம்பி இருந்துச்சு. ஹாஷ்ல ஒரு சாவியைக் கொடுத்தா டக்குனு ஒரு பதிலை எடுத்துடலாம். ஆனா "ஜூன் 1 முதல் ஜூன் 30 வரை"னு கேட்டா திணறும், ஏன்னா அதுக்குள்ள வரிசையே கிடையாது. 2001ல வந்த 2.0 வெர்ஷன்ல ஹிப் சொந்தமா ஒரு பி-ட்ரீ எழுதிச் சேர்த்தார். வேகத்தோட கதை அங்கதான் தொடங்குது.

பி-ட்ரீயும் பிளானரும்

பி-ட்ரீ ஹிப் கண்டுபிடிச்சது இல்ல. போயிங் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடத்துல ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட்னு ரெண்டு பேர் உருவாக்கினது. 1972ல கட்டுரையா வெளியாச்சு. ஐடியா எளிமையானது: சாவிகளை வரிசைப்படி அடுக்கி, கட்டுக்கட்டா பக்கங்கள்ல வைக்கிறது. ஒரு பக்கத்துல 100 சாவி பிடிக்கும்னு வெச்சுக்கோங்க. அப்போ 10 லட்சம் வரிசை இருந்தாலும் மூணே பக்கம் புரட்டினா நமக்கு வேண்டியது கையில இருக்கும். இன்டெக்ஸ்னு நாம சொல்றது இதைத்தான்.

அடுத்த கேள்வி, எந்த இன்டெக்ஸைப் பயன்படுத்தணும்னு யார் முடிவு பண்றது? எஸ்க்யூஎல்ல நாம "என்ன வேணும்"னுதான் சொல்றோம், "எப்படித் தேடணும்"னு சொல்றதில்ல. 1979ல ஐபிஎம்மோட பட்ரிஷியா செலிங்கரும் அவரோட குழுவும் இதுக்கு வழி சொன்னாங்க. ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு செலவாகும்னு தோராயமா கணக்குப் போடு, குறைஞ்ச செலவு வழியில போ. க்வெரி பிளானர்னு இன்னைக்கு இருக்கிற எல்லாத்துக்கும் அதுதான் பாட்டி.

இங்க ஒரு வார்த்தை முக்கியம்: தோராயமா. பிளானருக்கு உங்க டேட்டா தெரியாது. அது ஊகிக்குது.

ஐந்தருவி ரோட்டுல ஒரு லாட்ஜ்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். குற்றாலத்துக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, நிறைய இருக்கு. ஜூன்ல சீசன் ஆரம்பிச்சா பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம்னு எல்லா இடமும் தலைகளாத்தான் இருக்கும். நல்ல காத்து மழையில கரண்ட் போகும், நெட் போகும். கப்பல்ல ஹிப் பட்ட அதே பாடுதான். சர்வர் எங்கயோ இருந்தா இங்க பில் போட முடியாது. அதனால சின்ன லாட்ஜ், கடைகள்ல டேட்டா அந்தக் கம்ப்யூட்டர்லயே இருக்கிறது நல்ல முடிவு.

போன சீசன்ல ஐந்தருவி ரோட்டுல ஒரு லாட்ஜ்ல கூப்பிட்டாங்க. ரிசப்ஷன்ல ஈரத் துண்டோட ஒரு கூட்டமே நிக்குது. "இன்னைக்கு யார் யார் பாக்கி"ங்கிற ஸ்க்ரீன் திறக்க ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகுது. ரிசப்ஷன் தம்பிக்கு ரெண்டு பக்கமும் திட்டு. அண்ணாச்சி புது கம்ப்யூட்டர் வாங்க அட்வான்ஸ் கொடுக்கவே தயாரா இருந்தார். "ஒரு மணி நேரம் கொடுங்க அண்ணாச்சி"ன்னேன்.

முதல்ல பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. க்வெரிக்கு முன்னாடி 'எக்ஸ்ப்ளெயின் க்வெரி பிளான்'னு மூணு வார்த்தை சேர்த்து ஓட்டணும். எஸ்க்யூலைட் தன் திட்டத்தை அப்படியே சொல்லும். அதுல ரெண்டு வார்த்தையைத் தேடுங்க. 'சர்ச்'னு வந்தா இன்டெக்ஸ் வழியா நேரா போகுது. 'ஸ்கேன்'னு வந்தா முதல் வரிசையிலிருந்து கடைசி வரைக்கும் நடக்குது. சின்ன டேபிள்ல ஸ்கேன் தப்பில்ல, பெரிய டேபிள்லதான் வலிக்கும்.

அங்க ரெண்டு ஸ்கேன் இருந்துச்சு. முதலாவது, தேதி. வந்த தேதிக்கு இன்டெக்ஸ் ஏற்கனவே இருக்கு. ஆனா க்வெரியில அந்தத் தேதியை ஒரு ஃபங்ஷனுக்குள்ள போட்டு, வேற வடிவத்துக்கு மாத்தி ஒப்பிட்டிருந்தாங்க. மாத்தின மதிப்பு இன்டெக்ஸ்ல இல்லையே! அதனால ஒவ்வொரு வரிசையையும் எடுத்து, மாத்தி, பார்த்துட்டு இருந்துச்சு. "இந்தத் தேதிக்குச் சமம் அல்லது மேல, அடுத்த தேதிக்குக் கீழ"னு எழுதினதும் ஸ்கேன் சர்ச் ஆயிடுச்சு.

ரெண்டாவதுதான் பெரிய திருடன். அன்னைக்கு 60 புக்கிங். ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு க்வெரி போய் பணம் கட்டின டேபிள்ல கூட்டல் போடுது. அந்த டேபிள்ல சுமார் 90,000 வரிசை, புக்கிங் நம்பருக்கு இன்டெக்ஸ் இல்ல. 60 தடவை 90,000. ஒரு ஸ்க்ரீனுக்காக 54 லட்சம் வரிசை படிக்கப்படுது! ஒரு இன்டெக்ஸ் போட்டோம், ஸ்க்ரீன் உடனே திறந்துச்சு. அண்ணாச்சி அட்வான்ஸைப் பைக்குள்ள வெச்சுட்டு டீ சொன்னார்.

ஒரு சின்ன டிப்ஸ். பிளான்ல 'ஆட்டோமேட்டிக் இன்டெக்ஸ்'னு வந்தா, அதை எஸ்க்யூலைட் எழுதுற புகார்க் கடிதமா எடுத்துக்கோங்க. "ஒவ்வொரு தடவையும் நானே ஒரு இன்டெக்ஸ் கட்டி, வேலை முடிஞ்சதும் தூக்கிப் போடுறேன். நிரந்தரமா ஒண்ணு போட்டு வைக்கக் கூடாதா?"ன்னு கேக்குது.

எழுதுறவங்களும் படிக்கிறவங்களும்

அங்க இன்னொரு சிக்கல். மாச ரிப்போர்ட் ஓடும்போது பில் சேவ் ஆக மாட்டேங்குது. பழைய ஜர்னல் முறையில, ஒருத்தர் படிச்சு முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் எழுதி முடிக்க முடியாது. 2010ல வந்த 3.7.0 வெர்ஷன் இதுக்கு 'ரைட் அஹெட் லாக்' முறையைக் கொண்டு வந்துச்சு, சுருக்கமா வால். மாற்றத்தை எல்லாம் முதல்ல தனி ஃபைல்ல எழுதிட்டு, மெயின் ஃபைலுக்கு அப்புறமா கொண்டு போகும். படிக்கிறவங்க படிக்கலாம், கூடவே ஒருத்தர் எழுதலாம்.

முன்கூட்டியே லாக் எழுதுறது பழைய யோசனைதான். ஆனா பெரிய டேட்டாபேஸ்களுக்கு அதை முழுமையான முறையா வடிவமைச்சதுல ஒரு முக்கியமான பேர் சி. மோகன். 1977ல மெட்ராஸ் ஐஐடியில கெமிக்கல் இன்ஜினியரிங் முடிச்சவர். ஐபிஎம்ல அவரும் குழுவும் உருவாக்கின 'ஏரீஸ்' முறை 1992ல விரிவான கட்டுரையா வந்துச்சு. எஸ்க்யூலைட்டோட வால் அதைவிட ரொம்ப எளிமையான வடிவம், ஆனா "முதல்ல லாக், அப்புறம்தான் மத்தது"ங்கிற ஒழுங்கு ஒண்ணுதான். ஒரு எச்சரிக்கை: ரெண்டு கம்ப்யூட்டர் நெட்வொர்க்ல ஒரே ஃபைலைப் பகிர்ந்தா வால் வேலை செய்யாது. அங்க சர்வர் டேட்டாபேஸ்தான் சரி.

எழுதுறது மெதுவா இருந்தா இன்னொண்ணையும் பாருங்க. ஆயிரம் வரிசையை ஒவ்வொண்ணா சேவ் பண்ணா, டேட்டா பத்திரமா டிஸ்க்ல இறங்கிடுச்சான்னு ஆயிரம் தடவை காத்திருக்கும். எல்லாத்தையும் ஒரே டிரான்ஸாக்‌ஷன்ல போட்டா ஒரே காத்திருப்பு. எஸ்க்யூலைட் டாக்குமென்ட்லயே இருக்கு: சாதாரண கம்ப்யூட்டர்ல நொடிக்கு 50,000 இன்செர்ட் போகும், ஆனா சுத்துற ஹார்டு டிஸ்க்ல டிரான்ஸாக்‌ஷன் நொடிக்குச் சில டஜன்தான்.

படைச்சவருக்கே வந்த சோதனை

2013 ஆகஸ்ட்ல 3.8.0 வந்துச்சு, புது பிளானரோட. பழையது ஒவ்வொரு அடியிலயும் பக்கத்துல இருக்கிற குறுக்கு வழியை மட்டும் பிடிக்கும். டேபிள் நிறைய சேரும்போது அது ஏமாந்துடும். புதுசு ஒரே நேரத்துல பல நல்ல வழிகளைக் கையில வெச்சுக்கிட்டு கடைசியில தேர்ந்தெடுக்கும்.

ஆனா ஹிப் எழுதின இன்னொரு சாஃப்ட்வேரான ஃபாசில்ல, புது பிளானர் வந்ததும் வேகமா ஓடின ஒரு க்வெரி படுத்துடுச்சு. காரணம், ஒரு இன்டெக்ஸ்ல ஏகப்பட்ட வரிசைக்கு ஒரே மதிப்பு. இன்டெக்ஸ்னு இருந்தா கொஞ்சம் வரிசைதான் கிடைக்கும்னு பிளானர் ஊகிச்சு ஏமாந்துச்சு. எஸ்க்யூலைட் டாக்குமென்ட் இந்தச் சம்பவத்தை ஒளிக்காம எழுதி வெச்சிருக்கு. நமக்கு மருந்து 'அனலைஸ்' கட்டளை. அது டேபிளை எண்ணிப் பார்த்து, எந்த இன்டெக்ஸ் எவ்வளவு வடிகட்டும்னு குறிச்சு வைக்கும். 2017லேருந்து 'ப்ராக்மா ஆப்டிமைஸ்'னு ஒரு வரி போதும், தேவைப்பட்டா மட்டும் அதுவே அனலைஸை ஓட்டிக்கும்.

கதை அங்கயும் நிக்கல. 2022ல விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் ஹிப்பும் சேர்ந்து, எஸ்க்யூலைட் எங்க நேரத்தை விடுதுன்னு அளந்தாங்க. ஜாயின்ல, கிடைக்கவே போகாத வரிசைகளைத் தேடுறதுலதான் பெரும்பகுதி போகுது. தேடுறதுக்கு முன்னாடியே "இங்க இல்ல"ன்னு சொல்ற ப்ளூம் ஃபில்டரைச் சேர்த்தாங்க. அவங்க எடுத்துக்கிட்ட அளவீட்டுச் சோதனையில 4.2 மடங்கு வரை வேகம். அது அதே வருஷம் வந்த 3.38.0லயே சேர்ந்துடுச்சு.

கவனிச்சீங்களா? 22 வருஷம் கழிச்சும், அதை எழுதினவரே முதல்ல அளந்தார், அப்புறம்தான் மாத்தினார். உங்க ஆப்புக்கும் அதே வரிசைதான். பிளானைப் படிங்க, பெரிய ஸ்கேனைப் பிடிங்க, இன்டெக்ஸ் போடுங்க, அனலைஸ் ஓட்டுங்க, திரும்ப நேரம் பாருங்க. ஆனா கண்டபடி இன்டெக்ஸ் போடாதீங்க, ஒவ்வொரு இன்டெக்ஸும் எழுதும்போது கூடுதல் வேலை.

உங்க ப்ராஜெக்ட்ல மெதுவான க்வெரி இருந்தா, இன்னைக்கு ராத்திரியே அந்த மூணு வார்த்தையைச் சேர்த்து ஓட்டிப் பாருங்க. என்ன வந்துச்சுன்னு வாய்ஸ் நோட்ல சொல்லுங்க, நல்லதா நாலை எடுத்து அடுத்த எபிசோடுல பிரிச்சு மேயலாம். வரட்டுமா!