இணை வரலாற்றுப் பாடநூல் திட்டம்

இஸ்ரேலிய யூத ஆசிரியர்களும் பாலஸ்தீன ஆசிரியர்களும் கூடிப் பேசி எழுதிய பள்ளி வரலாற்று நூல் வரிசை. ஒரே மண்ணின் கடந்த காலத்தை இருதரப்புப் பிள்ளைகளுக்கும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதே இங்கே கேள்வி.

பென் குரியன் பல்கலைக்கழக உளவியலாளர் டான் பார்-ஓனும் பெத்லகேம் பல்கலைக்கழகக் கல்வியியலாளர் சமி அத்வானும் 1998இல் ‘பிரைம்’ என்ற அமைதி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் இருப்பிடம் பெத்லகேமை ஒட்டிய பெய்ட் ஜாலா. நாஜிக் குற்றவாளிகளின் பிள்ளைகளையும் யூத இன அழிப்பில் தப்பியவர்களின் பிள்ளைகளையும் எதிரெதிரே அமர்த்திப் பேசவைத்தவர் பார்-ஓன். அந்தப் பட்டறிவு இந்தத் திட்டத்தின் அடித்தளம் என்றே சொல்லலாம்.

நூல் பணி 2002இல், பாலஸ்தீனர்களின் இரண்டாம் எழுச்சியான இரண்டாம் இன்டிபாடா உச்சத்தில் இருந்தபோது தொடங்கியது. ஊரடங்கும் சோதனைச் சாவடிகளும் பாலஸ்தீன ஆசிரியர்களின் பயணத்தை மறித்தன. துக்கமும் சினமும் சுமந்துதான் இருதரப்பு ஆசிரியர்களும் ஒரே மேசைக்கு வந்தார்கள். இரு வரலாறுகளையும் ஒன்றாக்கி ஒரே கதையாக எழுத முடியாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது தோல்வி அல்ல. திட்டத்தின் நேர்மையே அதில்தான் இருக்கிறது. பக்கத்தின் ஒரு பத்தியில் இஸ்ரேலியர் வரலாறு, மறு பத்தியில் பாலஸ்தீனர் வரலாறு, இடையில் மாணவர் தம் கருத்தை எழுத வெற்றிடம் என அமைத்தனர். எபிரேயத்திலும் அரபியிலும் வெளிவந்த முதல் தொகுதி, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய ஆதரவளித்த பிரிட்டனின் பால்ஃபர் பிரகடனம், 1948 போர், 1987 இன்டிபாடா ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டது. தொடக்கப்புள்ளியே இருதரப்புக்கும் வேறு: இஸ்ரேலியப் பத்தி, யூதர்களுக்குத் தாயகம் கோரிய சியோனிச இயக்கத்தின் பிறப்பிலிருந்து புறப்படுகிறது, பாலஸ்தீனப் பத்தி 1799இல் நெப்போலியனின் படையெடுப்புக் காலத்துக்கே போய்விடுகிறது. எழுதிய வரைவுகளை ஆசிரியர்கள் தங்கள் வகுப்புகளில் நடத்திப் பார்த்து, மாணவர்கள் கேட்டவற்றோடு திரும்பி வந்து திருத்தினார்கள்.

பிரெஞ்சுப் பதிப்பு 2004இல் வந்தது. பார்-ஓன் 2008இல் காலமானார். 2010இல் இஸ்ரேலின் தென்பகுதியில் ஸ்டெரோட் அருகே ஒரு பள்ளி இந்நூலைக் கற்பித்தபோது இஸ்ரேலியக் கல்வி அமைச்சகம் தடுத்தது. பாலஸ்தீன அமைச்சகமும் இதைப் பாடத்திட்டத்தில் சேர்க்கவில்லை. விரிவாக்கிய ஆங்கிலப் பதிப்பு 2012இல் வெளியானது. எந்தப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டதோ அவர்களுடைய அரசுப் பள்ளிகளில் இதற்கு முறையான இடம் கிடைக்கவில்லை.