பி.ஏ. ஹிஸ்டரி படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?

எங்க கரிசக்காட்டுப் பக்கம் பிளஸ்டூ முடிச்ச பிள்ளைகிட்ட கேக்குற முதல் கேள்வி, "இஞ்சினியரிங்கா, நர்சிங்கா?" பி.ஏ. வரலாறுன்னு பதில் வந்துட்டா கேட்டவர் முகம் போற போக்கைப் பார்க்கணுமே! மார்க்கு குறைஞ்சிருச்சோ, பணம் கட்ட முடியலையோன்னு ஒரு பரிதாபம் வேற. தலைப்புல இருக்கிற கேள்வி அப்புறம் தானா வரும்.

அருப்புக்கோட்டைக்காரங்க இதுக்கு 1970லயே ஒரு பதில் சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடி பட்டப்படிப்புன்னா விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரிக்கோ (1947), மதுரைக்கோ போகணும். அந்த ஒரே வருஷத்துல ஊருக்குள்ள ரெண்டு கல்லூரி வந்துச்சு. நெசவாளர் சமூகத்தோட தேவாங்கர் கலைக் கல்லூரி ஒண்ணு, நாடார் சமூகத்தோட சைவ பானு சத்திரிய கல்லூரி இன்னொண்ணு. தறி போட்டவங்களுக்கும் கடை வச்சவங்களுக்கும் லாப நட்டக் கணக்கு தெரியாதா என்ன? வானம் பார்த்த பூமியில ஒரு டிகிரி இருந்தா வாத்தியார் வேலை, சர்வீஸ் கமிஷன், பேங்க்னு மாசச் சம்பளத்துக்கு வழி உண்டு. பல வீடுகள் அப்படித்தான் நிமிர்ந்துச்சு.

அது சம்பளக் கணக்கு. நான் சொல்ல வந்தது வேற.

திருச்சுழியை ஒட்டி குண்டாத்தங்கரையில பள்ளிமடம்னு ஒரு ஊர். அங்க இருக்கிற சிவன் கோயிலுக்குக் கல்வெட்டுல பேரு சுந்தரபாண்டிய ஈஸ்வரம். இறந்துபோன பாண்டியன் ஒருத்தன் நினைவா எழுப்பின பள்ளிப்படைக் கோயில்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. 'சோழன் தலைகொண்ட' வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டுகள், அதாவது பத்தாம் நூற்றாண்டுது, அங்க நிறைய இருக்கு. ராஜா, சண்டை, வெட்டின தலை எல்லாம் முதல் வரியோட சரி. மிச்சமெல்லாம் ஆட்டுக் கணக்கு!

கோயில்ல அணையாம ஒரு விளக்கு எரியணும். அதுக்கு நெய் வேணும். ஒருத்தர் இத்தனை ஆடுன்னு தானம் கொடுப்பார். அதை ஒரு இடையர் பொறுப்பெடுத்துக்கிட்டுத் தினமும் அளந்து நெய் கொண்டுவந்து ஊத்தணும். கிழடு தட்டினதைக் கழிச்சு, குட்டியைச் சேர்த்து, எண்ணிக்கை மட்டும் குறையாம பார்த்துக்கணும். அதனாலதான் 'சாவா மூவாப் பேராடு'ன்னு பேரு. ஆடு சாகும், கணக்கு சாகாது. நம்ம பேங்க் டெபாசிட்டும் வட்டியும் மாதிரி ஒரு ஏற்பாடு, ஆயிரம் வருஷத்துக்கு முந்தி.

இதைப் படிச்சப்போ எனக்கு இந்த மண்ணைப் பத்தின நினைப்பே மாறிப்போச்சு. பாண்டிய நாடுன்னதும் வைகை, நெல்லுன்னே பாடம் நடத்துறோம். இங்கே செல்வம் நாலு காலோட நடந்திருக்கு. இன்னைக்கும் அறுப்பு முடிஞ்ச காட்டுல கிடை போட்டிருக்கிறதைப் பார்க்கலாம். 'ஒண்ணுக்கும் ஆகாத பொட்டக்காடு'ன்னு நம்மளே பேசுற பூமிக்கு எழுத்துல ஒரு பொருளாதார வரலாறு இருக்குங்க.

இதே கதைதான் அருப்புக்கோட்டை பக்கத்துக் கோவிலாங்குளத்துலயும். வெட்டவெளியில உக்காந்திருக்கிற சிலைகளை ஊர்க்காரங்க அம்பலப்பசாமின்னு கும்பிடுறாங்க. அவங்க சமணத் தீர்த்தங்கரர்கள். முதலாம் குலோத்துங்கனோட 48ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (கி.பி. 1118 வாக்குல) அங்க ஒரு சமணக் கோயில் இருந்ததைச் சொல்லுது. தண்ணீர்ப் பந்தலும் அதுல வருது. நம்ம ஊரு வெயிலுக்கு அதைவிடப் பெரிய தர்மம் ஏது?

கல்லு ஆயிரம் வருஷம் நின்னாலும் அதுவா பேசாது. பாண்டிய நாட்டுப் பழைய கல்வெட்டுகள்ல பல வட்டெழுத்துல இருக்கு. அதைப் படிக்க எழுத்து தெரியணும், பழந்தமிழ் தெரியணும், நில அளவு, வரி, முறைகள் தெரியணும். யாரோ ஒருத்தர் வருஷக்கணக்குல கண்ணு பூக்க உக்காந்ததாலதான் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' 14ஆம் தொகுதி 1962ல அச்சாச்சு. அதுக்குள்ளதான் நம்ம பள்ளிமடத்து ஆடெல்லாம் மேயுது :-)

இன்னும் அச்சாகாதது ஏராளம். தமிழ்க் கல்வெட்டுகளோட மைப்படிகள் பல காலம் மைசூர்லயே கிடந்து, அதைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2021ல உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. சரி, வந்துருச்சுன்னே வைங்க, யார் படிக்கிறது? கல்வெட்டைப் படிக்கிற பிள்ளையைத்தானே 'என்னத்தக் கிழிக்கப் போற'ன்னு விரட்டிக்கிட்டு இருக்கோம்?

பி.ஏ. படிச்சவங்க எல்லாம் கல்வெட்டு ஆளுங்கன்னு நான் புளுக மாட்டேன். கோனார் நோட்ஸை நெட்டுரு போட்டு, பானிபட் யுத்தம் மூணையும் ஒப்பிச்சுட்டு, ஊர்க் கோயில் சுவத்தை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்காம பட்டம் வாங்குறவங்கதான் அதிகம். அது பாடத்தோட குத்தமில்லை, நடத்துற முறையோட குத்தம். 2021ல அறிவிச்ச அரசு கலைக் கல்லூரிகள்ல திருச்சுழியும் ஒண்ணு. அங்கேர்ந்து பள்ளிமடத்துக்கு சைக்கிள்லயே போயிட்டு வரலாம். முதல் செமஸ்டர்ல ஒரே ஒரு நாள் கூட்டிப் போனாக்கூடப் போதும்.

கொசுறு: திருச்சுழியில 1879ல பிறந்த ரமணர் காலேஜ் வாசலை மிதிச்சதில்லை. மதுரையில ஆங்கில இலக்கணத்தை இம்போசிஷன் எழுதிக்கிட்டிருந்தவர் அப்படியே போட்டுட்டு 1896ல திருவண்ணாமலைக்குக் கிளம்பிட்டார். 'நான் யார்?' அவரோட புத்தகம்னு எல்லாருக்கும் தெரியும். 1902 வாக்குல அவர்கிட்டப் போய் அந்தக் கேள்விகளைக் கேட்டு, பதில்களைக் குறிச்சு வச்சவர் சிவப்பிரகாசம் பிள்ளை. ரெவின்யூ டிபார்ட்மெண்ட் உத்தியோகஸ்தர். படிச்சது தத்துவத்துல டிகிரி.