உருக்குச் சைக்கிள் வாங்குவோருக்கு: பிறேம் அளவும் பெயின்ற் நிறமும்

வடக்கிலும் கிழக்கிலும் சைக்கிள் பொழுதுபோக்குக்கான வாகனமாக இருந்தது குறைவு. 1990 இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருள் தடைப்பட்டபோது, குடாநாட்டில் நோயாளர், விறகு, நெல்மூட்டை, பள்ளிப் பிள்ளைகள் எல்லாவற்றையும் சைக்கிளே சுமந்தது. மின்சாரமில்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தைக் கடந்த குடும்பங்கள் பலவற்றின் எஞ்சிய சொத்து ஒரு சைக்கிளில் கட்டக்கூடிய அளவாகவே இருந்தது. 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது முழு நாடும் மறுபடி சைக்கிளைத் தேடியது.

இவ்வளவு நம்பியிருக்கும் வண்டியை நாம் பெரும்பாலும் பெயரையும் விலையையும் நிறத்தையும் பார்த்துத்தான் வாங்குகிறோம். இந்தப் பிறேம் யாருடைய உடலுக்குப் பொருந்தும், இந்தப் பெயின்றின் கீழே உள்ள உருக்கு எப்படியிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் கடையில் கேட்கப்படுவதில்லை. நாளொன்றுக்கு பத்து, இருபது கிலோமீற்றர் ஓடுபவருக்கு முழங்கால் நோவையும் விபத்தையும் இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. எனவே முதலில் அளவு, அடுத்து உருக்கின் நிலை, பிறகு பூச்சு, கடைசியாக நிறம் என்ற வரிசையில் பார்ப்போம்.

தூர ஓட்டத்துக்கு ஏன் உருக்கு

சுமையோடு நெடுந்தூரம் போவதற்கென்று கட்டப்படும் சைக்கிள்களுக்கு உலகெங்கும் இன்னமும் உருக்கையே பலர் விரும்புகிறார்கள். இங்கிலாந்தின் பேமிங்காமிலுள்ள ரெனோல்ட்ஸ் நிறுவனம் 1935 இல் அறிமுகப்படுத்திய 531 என்ற மங்கனீசு-மொலிப்டினம் உருக்குக் குழாய் இந்த வகை வண்டிகளில் பல பத்தாண்டுகள் பேர்பெற்றிருந்தது. அலுமினியப் பிறேம் வெடித்தால் ஊர்ப் பட்டறையில் அதைச் சீர்செய்வது கடினம். உருக்கோ பெரும்பாலும் முறிவதற்கு முன் வளைந்தோ வெடிப்புக் காட்டியோ எச்சரிக்கும். அதை வெல்டிங் கடையில் ஒட்டவும் முடியும்.

தூரப் பயண பிறேமின் இலக்கணம் எளிது. இரு சில்லுகளுக்கும் இடையில் நீளம் கூடியிருக்க வேண்டும். பெடல் அச்சிலிருந்து பின்சில்லு அச்சுவரை 43 முதல் 46 சென்ரிமீற்றர்வரை இருந்தால் கரியரில் தொங்கும் பையில் குதிக்கால் இடிக்காது. அகலமான ரயருக்கும் மட்காட்டுக்கும் இடம் வேண்டும். இவற்றை வைத்துப் பார்த்தால், நம் ஊரில் ஓடும் பழைய றலி, லுமாலா போன்ற 28 அங்குலச் சில்லு வண்டிகள் பாரம் ஏற்றும் தூரப் பயண வண்டிகளின் உறவுக்காரர்கள்தான். அவற்றின் குறைகள் இரண்டு. ஒன்று, எடை. மற்றது, அவை பெரும்பாலும் உயரமான ஆண்களின் அளவில் வருவது.

பிறேம் அளவு: கடைக்குப் போகுமுன் வீட்டில் அளவுங்கள்

பிறேம் அளவு என்பது பெடல் அச்சின் நடுவிலிருந்து சீற் குழாயின் மேல்விளிம்பு வரையுள்ள நீளம். 22 அங்குலம் என்றால் சுமார் 56 சென்ரிமீற்றர். 24 அங்குலம் என்றால் 61. சில்லின் அளவு வேறு, பிறேமின் அளவு வேறு. “28 சைக்கிள்” என்று சொல்வது சில்லைத்தான்.

உங்கள் அளவை எடுக்க, வெறுங்காலுடன் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். கால்களுக்கிடையில் ஒரு தடித்த கொப்பியை மட்டமாகப் பிடித்து, சீற்றில் இருக்கும்போது அழுத்துமளவுக்கு மேலே உயர்த்துங்கள். கொப்பியின் மேல்விளிம்பிலிருந்து நிலம்வரை உள்ளதே உட்கால் நீளம்.

பார் உள்ள வண்டியென்றால், நிலத்திலிருந்து பாரின் மேற்பக்கம்வரை உள்ள உயரம் உட்கால் நீளத்தைவிட 3 முதல் 5 சென்ரிமீற்றராவது குறைவாக இருக்க வேண்டும். 28 அங்குலச் சில்லும் 22 அங்குலப் பிறேமும் உள்ள வழமையான வண்டியில் இந்த உயரம் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றரைத் தாண்டும். உட்கால் 75 சென்ரிமீற்றர் உள்ள ஒருவர் சீற்றை முழுதாகப் பதித்து அதை ஓட்டிவிடுவார். அதனால் வண்டி தனக்குப் பொருந்துகிறது என்று நினைப்பார். ஆனால் பஸ்ஸோ மாடோ குறுக்கே வந்து திடீரென இறங்கவேண்டி வரும்போது இரண்டு காலும் நிலத்தில் படாது. ஓட முடிவது வேறு, நிற்க முடிவது வேறு. அளவு பார்க்கும்போது நிற்க முடிகிறதா என்பதையே முதலில் பாருங்கள்.

இத்தகையவர்களுக்கு 20 அங்குலப் பிறேமோ, பார் இல்லாத திறந்த பிறேமோ ஏற்றது. 26 அங்குலச் சில்லு வண்டியை மேலும் இரண்டரை சென்ரிமீற்றர் அளவுக்குத் தாழ்த்தும். சேலையுடனோ நீளப்பாவாடையுடனோ வேலைக்குப் போகும் பெண்களுக்கு மட்டுமல்ல, முதுகு நோவுள்ள ஆண்களுக்கும் முதியவர்களுக்கும் திறந்த பிறேம் நல்லது. அதைப் “பொம்பிளைச் சைக்கிள்” என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பார் இல்லாத பிறேம் முறுக்கத்துக்கு இளகும். கரியரில் அரிசி மூட்டை ஏற்றினால் ஹான்டில் ஆடும். பாரம் ஏற்றுபவர்கள் இரட்டைக் குழாய் போட்ட திறந்த பிறேமைத் தேடுங்கள்.

“பிள்ளை வளர்ந்துவிடும்” என்று பெரிய சைக்கிள் வாங்குவது பொதுவான வழக்கம். வளரும் இரண்டு மூன்று ஆண்டுகளும் பிள்ளை பிரதான வீதியில் எட்டாத வண்டியில் போகிறது. சிறிய பிறேமும் நீளமான சீற் தண்டும் வாங்கினால் வளர வளர உயர்த்தலாம். தண்டு குறைந்தது 6.5 சென்ரிமீற்றர் பிறேமுக்குள் இருக்க வேண்டும். தண்டில் எல்லைக்கோடு இருந்தால் அது வெளியே தெரியக்கூடாது.

சீற்றும் ஹான்டிலும்

சீற்றின் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. உட்கால் நீளத்தை 0.883 ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் நடுவிலிருந்து சீற்றின் மேற்பக்கம்வரை வரவேண்டிய தூரம் கிடைக்கும். 75 சென்ரிமீற்றருக்கு இது சுமார் 66. கணக்கு வேண்டாமென்றால், சீற்றில் இருந்து குதிக்காலைத் தாழ்ந்த பெடலில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். அதுவே சரியான உயரம்.

முழங்காலின் முன்பக்கம் நொந்தால் பெரும்பாலும் சீற் பதிவு. பின்பக்கம் நொந்தால், அல்லது மிதிக்கும்போது இடுப்பு இருபக்கமும் ஆடினால், சீற் உயரம். கை விறைத்தால் ஹான்டில் தூரமாகவோ தாழ்வாகவோ இருக்கிறது. தூர ஓட்டத்தில் ஹான்டில் சீற்றின் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ இருப்பது முதுகுக்கும் கழுத்துக்கும் சுகம். ஒரு தடவையில் அரைச் சென்ரிமீற்றர் அளவே மாற்றி, சில நாள் ஓடிப்பார்த்து, பிறகு அடுத்த மாற்றத்தைச் செய்யுங்கள்.

செயற்கைக் காலுடன் ஓடுபவர்களுக்கு

கண்ணிவெடியிலும் எறிகணையிலும் கால் இழந்த பலர் சைக்கிளில்தான் தொழிலுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு பிறேம் அளவு வசதியைவிடப் பாதுகாப்பைப் பற்றியது.

முழங்காலுக்குக் கீழ் செயற்கைக் கால் பொருத்தியவருக்குக் கணுக்கால் மடியாது. ஆகவே அந்தப் பக்கம் முன்பாதத்துக்குப் பதில் நடுப்பாதத்தைப் பெடலில் வைப்பது உறுதியாக இருக்கும். பாதம் வழுக்காமல் ஒரு விளிம்போ, இலகுவாகக் கழரும் பட்டியோ போதும். இறுக்கிக் கட்டக்கூடாது, விழும்போது கால் விடுபட வேண்டும். முழங்கால் முழுதாக மடியாதவருக்கு அந்தப் பக்கத்துக் கிராங்கை மட்டும் குட்டையாக்கலாம். வழமையான கிராங் 165 முதல் 170 மில்லிமீற்றர். அதைக் குறைத்தால் பெடல் மேலே வரும்போது கால் குறைவாக மடிந்தாலே போதும். முழங்காலுக்கு மேல் இழந்தவர்கள் செயற்கைக் காலைப் பொருத்துபவரிடம் வண்டியையும் கொண்டுபோய்க் காட்டி அளவெடுப்பது நல்லது.

ஏறி இறங்குவதற்குத் திறந்த பிறேமே ஏற்றது. நிற்கும்போது நல்ல காலை ஊன்றப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு கை இழந்தவர்கள் இரண்டு பிறேக்கையும் ஒரே பிடியில் இணைக்கச் சொல்லலாம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பின்சில்லு பிறேக்கும் அவர்களுக்கு உதவும்.

பழைய சைக்கிள்: புதுப் பெயின்றை நம்பாதீர்கள்

பழைய வண்டியில் பளபளப்பான புதுப் பெயின்ற் இருந்தால் மகிழ்வதற்குமுன் சந்தேகப்படுங்கள். நான்கு இடங்களைத் தடவிப் பாருங்கள். ஹான்டில் குழாயோடு மேல்பாரும் கீழ்ப்பாரும் சேரும் மூட்டின் பின்னால் சுருக்கமோ புடைப்போ இருந்தால் வண்டி முன்னால் மோதியிருக்கிறது. முன்போக்கின் தோள்பட்டை, பெடல் அச்சைச் சுற்றியுள்ள மூட்டு, பின்சில்லு அச்சு பொருந்தும் தகடு ஆகியவற்றில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அது வெடிப்பாக இருக்கலாம். பெயின்ற் கொப்புளித்திருந்தால் கீழே கறள். பெடல் அச்சின் பகுதியைத் தட்டும்போது உள்ளே கறள் தூள் சலசலத்தால் குழாய் உள்ளிருந்து அரிக்கிறது. பிறேம் நேராக உள்ளதா என்று பார்க்க, ஒரு நூலை ஹான்டில் குழாயிலிருந்து இழுத்துப் பின்சில்லு அச்சைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவாருங்கள். சீற் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பூச்சு: உப்புக்காற்றுக்கு எதிராக

தீவகம், வடமராட்சி கிழக்கு, மன்னார், முல்லைத்தீவுக் கரைகளில் உருக்குக்கு முதல் எதிரி உப்பு. நல்ல பூச்சு பெரும்பாலும் அடிவேலைதான்.

ஒட்டுவேலை எதுவும் இருந்தால் பெயின்றுக்கு முன் முடியுங்கள். பிறகு பழைய பூச்சையும் கறளையும் அரத்தாளால் எடுங்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். எனவே தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்க்க வேண்டும், பிள்ளைகள் அருகில் நிற்கக்கூடாது, தூசைக் கூட்டி அகற்ற வேண்டும். கிரைண்டர் பிடிக்காதீர்கள். நல்ல பிறேம்களில் குழாய்ச் சுவர் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக இருக்கும். தேய்த்த பிறகு தின்னரால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, அன்றைக்கே கறள் தடுக்கும் அடிப்பூச்சை மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். வெறும் உருக்கை இரவு முழுக்க விட்டால் ஈரக்காற்றில் மறுபடி கறள் ஏறும். அதன்மேல் எனாமல் இரண்டு அல்லது மூன்று மெல்லிய பூச்சு. தடிப்பாக ஒன்று பூசுவதைவிட மெல்லியதாக மூன்று பூசுவது உறுதி. ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

சீற் தண்டு போகும் துளை, குண்டுகள் இருக்கும் இடங்கள், மரைகள் ஆகியவற்றில் பெயின்ற் படக்கூடாது. பிறேமில் அடித்த தொடர் இலக்கத்தைப் பூசி மறைக்காதீர்கள். வண்டி களவு போனால் அடையாளம் அதுதான்.

நகரங்களில் தூள் பூச்சுச் செய்யும் பட்டறைகள் உண்டு. மின்னேற்றத்தால் தூளை ஒட்டவைத்து 200 பாகை செல்சியஸ் அளவில் சுடுவார்கள். மிக உறுதியானது. ஆனால் ஓரிடம் உரிந்தால் வீட்டில் திருத்துவது கடினம். எனாமல் உரிந்தால் சிறு தூரிகை போதும்.

வெளியே எவ்வளவு பூசினாலும் தண்ணீர் சீற் குழாய் வழியாக உள்ளே இறங்கும். வெள்ளத்தில் ஓடியபின் சீற் தண்டைக் கழற்றி வண்டியைக் கவிழ்த்து வடியவிடுங்கள். குழாய்களுக்குள் சிறிது எண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள். கடற்கரை வண்டிகளை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள்.

நிறம்: அந்தியில் எது தெரியும்

கறுப்பும் கடும்பச்சையும் கபிலமும் நமக்குப் பழகிய நிறங்கள். வீதி விளக்கில்லாத ஊர்களில் இவை இருளோடு கலந்துவிடும். சிவப்பு பகலில் எடுப்பானது. ஆனால் வெளிச்சம் மங்கும்போது மனிதக் கண் நீலம், பச்சை நிறங்களுக்கு அதிக உணர்வும் சிவப்புக்குக் குறைந்த உணர்வும் கொள்கிறது. அதனால் பொழுதுபடும் வேளையில் சிவப்புச் சைக்கிள் ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். வெள்ளை, மஞ்சள், இளநீலம், வெளிர்பச்சை ஆகியவை அந்தியில் நின்று தெரியும்.

வெளிர் நிறத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு: வெடிப்பும் கறள் கசிவும் அதில் உடனே தெரியும். கறுப்பு அவற்றை மறைக்கும். உலோக மினுக்கம் கொண்ட நிறங்களைத் தவிர்ப்பது நல்லது. உரிந்த இடத்துக்கு அதே நிறம் பின்னர் கிடைப்பது அரிது.

ஆனால் சைக்கிளின் குழாய் மெல்லியது. நிறம் மட்டும் உயிரைக் காக்காது. இரண்டாம் உலகப்போரின் இருட்டடிப்புக் காலத்தில் பிரித்தானியாவில் பின்மட்காட்டில் வெள்ளைத் திட்டு கட்டாயமாக இருந்தது. பிறேம் எந்த நிறமானாலும் பின்மட்காட்டின் கீழ்ப்பாதிக்கு வெள்ளை பூசுங்கள். பின்னால் சிவப்பு ஒளித்தெறிப்பி, முன்னால் வெள்ளை விளக்கு, பெடல்களில் மஞ்சள் தெறிப்பிகள் வேண்டும். மேலும் கீழும் அசையும் பெடல் தெறிப்பியைக் கண்டதும் முன்னால் போவது சைக்கிள் என்று சாரதி புரிந்துகொள்வார்.

உதவி வழங்குவோருக்கு

பெண் தலைமைக் குடும்பங்களுக்கும் மாணவர்களுக்கும் முன்னாள் போராளிகளுக்கும் சைக்கிள் கொடுக்கும் அமைப்புகளும் புலம்பெயர் உறவுகளும் பெரும்பாலும் ஒரே அளவை மொத்தமாக வாங்குகிறார்கள். பொருந்தாத வண்டி சில மாதங்களில் விற்கப்படும் அல்லது விறாந்தையில் சாத்திக் கிடக்கும். பயனாளிகளின் பட்டியலில் பெயர், விலாசத்துக்குப் பக்கத்தில் உட்கால் நீளத்துக்கும் ஒரு நிரல் சேர்த்தால் போதும். அளவெடுக்க ஒரு நாடாவும் ஆளுக்கு இரண்டு நிமிடமும் செலவாகும். கையளிப்பு நாளில் சைக்கிள் திருத்துபவர் ஒருவரை அழைத்து, ஒவ்வொருவருக்கும் சீற்றைச் சரிசெய்து கொடுத்தால் அந்த உதவி முழுமையாகும்.