வெளிநாட்டு வணிகக்குறிப் பதிவுச் செலவுகள்

வெளிநாட்டு வணிகக்குறிப் பதிவுச் செலவுகள் என்பன, ஒரு நிறுவனமோ தனியாளோ தமது வணிகக்குறியைச் சொந்த நாட்டுக்கு வெளியே பதிவு செய்வதற்கும், பதிவான பின் அதனை நடப்பில் வைத்திருப்பதற்கும் செலவிட வேண்டிய தொகைகள் ஆகும். பதிவு அலுவலகத்துக்குச் செலுத்தும் கட்டணம், முகவர் அல்லது வழக்கறிஞர் ஊதியம், மொழிபெயர்ப்பு, சான்றுறுதி, புதுப்பித்தல், குறி பயன்பாட்டில் உள்ளதை மெய்ப்பித்தல், பிறரது எதிர்ப்பை எதிர்கொள்ளுதல் ஆகியவை இவற்றுள் அடங்கும். விண்ணப்பக் கட்டணம் முன்னதாகவே கணக்கிடக்கூடியது. பின்னர் வரும் செலவுகள் பலராலும் எண்ணப்படாதவை. அவற்றுள் ஒன்றைத் தவறவிட்டாலும் அதுவரை செலவிட்ட பணம் வீணாகக்கூடும்.

செலவு பெருகுவதற்கான காரணங்கள்

வணிகக்குறி உரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது. இந்தியாவில் பதிவான குறிக்கு அப்பதிவின் வலுவால் மட்டும் சீனாவிலோ ஜப்பானிலோ உரிமை கிடைப்பதில்லை. உலகம் முழுவதற்கும் செல்லுபடியாகும் ஒற்றைப் பதிவு என்று எதுவும் கிடையாது. எனவே பாதுகாப்புத் தேவைப்படும் நாடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் செலவும் கூடுகிறது.

பொருள் வகுப்பு இரண்டாவது காரணமாகும். 1957 ஆம் ஆண்டின் நீஸ் உடன்படிக்கை வழிவந்த வகைப்பாட்டில் பொருட்களுக்கு 34, சேவைகளுக்கு 11 என மொத்தம் 45 வகுப்புகள் உள்ளன. எடுத்துக்காட்டாக, மசாலாப் பொடி 30 ஆம் வகுப்பிலும், காய்கறி ஊறுகாய் 29 ஆம் வகுப்பிலும், சில்லறை விற்பனைச் சேவை 35 ஆம் வகுப்பிலும் அடங்கும். இம்மூன்றையும் ஒரே பெயரில் நடத்தும் நிறுவனம் மூன்று வகுப்புகளுக்குக் கட்டணம் செலுத்த நேரிடும்.

காலம் மூன்றாவது காரணமாகும். பெரும்பாலான நாடுகளில் பதிவு 10 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். கட்டணம் செலுத்தி அதனை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம்.

நேரடி விண்ணப்பம்

ஒவ்வொரு நாட்டின் பதிவு அலுவலகத்திலும் தனித்தனியாக விண்ணப்பிப்பது நேரடி முறையாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் 2016 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கட்டண விதிப்படி, இணையவழி விண்ணப்பத்தில் முதல் வகுப்புக்கு 850 யூரோ, இரண்டாம் வகுப்புக்கு 50 யூரோ, மூன்றாம் வகுப்பு முதல் வகுப்பு ஒன்றுக்கு 150 யூரோ செலுத்த வேண்டும். இந்த ஒரே பதிவு ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் செல்லும். ஆனால் ஒரு நாட்டில் முற்பட்ட உரிமை உடையவர் எதிர்த்து வென்றாலும் விண்ணப்பம் முழுவதும் தோல்வியுறும். அதன்பின் ஏனைய நாடுகளுக்கான தேசிய விண்ணப்பங்களாக அதனை மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் தனி.

ஐக்கிய அமெரிக்காவில் 2025 ஜனவரி 18 முதல் அடிப்படைக் கட்டணம் வகுப்பு ஒன்றுக்கு 350 டாலர் ஆகும். பொருட்களின் பெயர்களை அலுவலகத்தின் ஆயத்தப் பட்டியலிலிருந்து எடுக்காமல் சொந்தச் சொற்களில் எழுதினால் வகுப்புக்கு மேலும் 200 டாலர் செலுத்த வேண்டும். 2019 ஆகஸ்ட் 3 முதல் வெளிநாட்டு விண்ணப்பதாரர்கள் அமெரிக்காவில் தொழில் செய்ய உரிமம் பெற்ற வழக்கறிஞர் ஒருவர் மூலமாகவே நடவடிக்கைகளை மேற்கொள்ள வேண்டும். சீனாவிலும் அங்கு இருப்பிடமோ வணிக நிலையமோ இல்லாத வெளிநாட்டவர் உள்ளூர் முகவரை அமர்த்துதல் கட்டாயமாகும். இதனால் நேரடி முறையில் முகவர் ஊதியம் அரசுக் கட்டணத்தை மிஞ்சுவது இயல்பு. வளைகுடா நாடுகள் சிலவற்றில் முகவருக்கு வழங்கும் அதிகார ஆவணத்துக்குத் தூதரகச் சான்றும் அரபு மொழிபெயர்ப்பும் தேவைப்படுகின்றன.

மாட்ரிட் முறைமை

ஒரே விண்ணப்பத்தின் மூலம் பல நாடுகளில் பாதுகாப்புக் கோருவதற்கான ஏற்பாடு மாட்ரிட் முறைமை எனப்படுகிறது. இது 1891 ஆம் ஆண்டின் மாட்ரிட் உடன்படிக்கையில் தொடங்கி, 1989 ஆம் ஆண்டின் மாட்ரிட் நெறிமுறையால் விரிவடைந்தது. ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து நிறுவனம் இதனை நிர்வகிக்கிறது. ஐக்கிய அமெரிக்கா 2003 ஆம் ஆண்டிலும், இந்தியா 2013 ஜூலை 8 ஆம் நாளிலும், கனடாவும் மலேசியாவும் 2019 ஆம் ஆண்டிலும் இதில் இணைந்தன. தாய்வான் போன்ற இடங்கள் இதற்கு வெளியே உள்ளமையால் அங்கு நேரடி விண்ணப்பமே வழியாகும்.

இம்முறையில் கட்டணம் சுவிஸ் பிராங்கில் பின்வருமாறு கணக்கிடப்படுகிறது:

* அடிப்படைக் கட்டணம்: கறுப்பு வெள்ளைக் குறிக்கு 653, வண்ணக் குறிக்கு 903
* தெரிவு செய்யும் நாடு ஒவ்வொன்றுக்கும்: 100
* மூன்றுக்கு மேற்பட்ட வகுப்பு ஒவ்வொன்றுக்கும்: 100
* பின்னர் நாடுகளைச் சேர்ப்பதற்கான அடிப்படைக் கட்டணம்: 300
* உரிமை மாற்றத்தைப் பதிவு செய்ய: 177

இதன்படி மூன்று வகுப்புகளில், பொதுக் கட்டணம் பெறும் நான்கு நாடுகளைத் தெரிவு செய்தால் மொத்தம் 1,053 பிராங்க் ஆகும். வகுப்புகள் ஐந்தானால் 1,253 பிராங்க் ஆகும். எனினும் பல நாடுகள் இந்த 100 பிராங்குக்குப் பதிலாகத் தாமே வரையறுத்த தனிக் கட்டணத்தைப் பெறுகின்றன. 2025 பெப்ரவரியில் அமெரிக்கா இதனை வகுப்புக்கு 600 டாலராக உயர்த்தியது. நேரடி விண்ணப்பத்தின் அடிப்படைக் கட்டணத்தைவிட இது கூடுதலாகும். ஆகவே மாட்ரிட் முறை எல்லா நாடுகளுக்கும் மலிவானது எனக் கொள்ள இயலாது.

மிகவும் பின்தங்கிய நாடுகளைச் சேர்ந்த விண்ணப்பதாரர்களுக்கு அடிப்படைக் கட்டணம் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்படுகிறது. இந்தியா இப்பட்டியலில் இல்லை.

மாட்ரிட் முறையில் மறைந்துள்ள இடர்களும் உண்டு. பன்னாட்டுப் பதிவு முதல் ஐந்து ஆண்டுகளுக்குச் சொந்த நாட்டு விண்ணப்பத்தை அல்லது பதிவைச் சார்ந்திருக்கும். அக்காலத்தில் அது நீக்கப்பட்டால் எல்லா நாடுகளிலும் அதே அளவுக்குப் பாதுகாப்பு நீங்கும். மூன்று மாதங்களுக்குள் தனித்தனித் தேசிய விண்ணப்பங்களாக மாற்றிக்கொள்ள வாய்ப்பு உள்ளதாயினும், ஒவ்வொரு நாட்டிலும் மீண்டும் கட்டணம் செலுத்த வேண்டும். மேலும், தெரிவு செய்த நாடு 12 அல்லது 18 மாதங்களுக்குள் பாதுகாப்பை மறுக்கலாம். அம்மறுப்புக்குப் பதிலளிக்க அந்நாட்டு முகவரை அமர்த்தும் செலவு தொடக்கக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

பேணுதற் செலவு

மாட்ரிட் பதிவை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க 653 பிராங்க் அடிப்படைக் கட்டணமும் நாடுகளுக்கான கட்டணங்களும் செலுத்த வேண்டும். தவணை தவறினால் ஆறு மாதச் சலுகைக் காலம் உண்டு. அப்போது அடிப்படைக் கட்டணத்தில் பாதி கூடுதலாகும்.

சில நாடுகளில் புதுப்பித்தல் மட்டும் போதாது. அமெரிக்காவில் பதிவான ஐந்தாம் ஆண்டு நிறைவுக்கும் ஆறாம் ஆண்டு நிறைவுக்கும் இடையில், குறி பயன்பாட்டில் உள்ளது என்னும் உறுதிமொழியைச் சான்றுடன் அளிக்க வேண்டும். பத்தாம் ஆண்டில் உறுதிமொழியும் புதுப்பித்தலும் சேர்ந்து வரும். 2025 ஆம் ஆண்டுக் கட்டணப்படி இவை ஒவ்வொன்றுக்கும் வகுப்பு ஒன்றுக்கு 325 டாலர் ஆகும். மேற்கூறிய மசாலா நிறுவனம் மூன்று வகுப்புகளில் நேரடியாக விண்ணப்பித்திருந்தால் அதன் அரசுக் கட்டணம் பின்வருமாறு அமையும்:

* விண்ணப்பம்: 1,050 டாலர்
* ஆறாம் ஆண்டுக்குள் உறுதிமொழி: 975 டாலர்
* பத்தாம் ஆண்டில் உறுதிமொழியும் புதுப்பித்தலும்: 1,950 டாலர்
* மொத்தம்: 3,975 டாலர்

இது வழக்கறிஞர் ஊதியம் நீங்கலாக, தொடக்கக் கட்டணத்தின் ஏறத்தாழ நான்கு மடங்காகும். மாட்ரிட் வழியாக அமெரிக்காவில் பாதுகாப்புப் பெற்றவர்கள் புதுப்பித்தலை ஜெனீவாவிலும், பயன்பாட்டு உறுதிமொழியை அமெரிக்க அலுவலகத்திலும் தனித்தனியே செய்ய வேண்டும். ஜெனீவாவில் பணம் செலுத்தியதோடு கடமை முடிந்தது எனக் கருதி உறுதிமொழியை விட்டுவிட்டால் அமெரிக்கப் பாதுகாப்பு நீக்கப்படும். பிலிப்பைன்சில் விண்ணப்பித்த மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே இத்தகைய உறுதிமொழி கோரப்படுகிறது.

பயன்படுத்தப்படாத குறியைப் பிறர் நீக்கக் கோரலாம். இதற்கான கால அளவு சீனாவிலும் ஜப்பானிலும் தொடர்ச்சியாக மூன்று ஆண்டுகள், ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐந்து ஆண்டுகள் ஆகும். எனவே விலைப்பட்டி, விளம்பரம், பொட்டலம் முதலிய சான்றுகளைத் திரட்டிப் பாதுகாப்பதும் பேணுதற் செலவின் ஒரு பகுதியாகும். மெக்டொனால்ட்சு நிறுவனத்தின் 'பிக் மாக்' குறிக்கு எதிராக அயர்லாந்தின் சூப்பர்மாக்சு நிறுவனம் தொடுத்த வழக்கில், 2024 ஜூன் 5 அன்று ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் கோழியிறைச்சி உணவுகள் தொடர்பான பயன்பாடு மெய்ப்பிக்கப்படவில்லை எனத் தீர்ப்பளித்தது. பெரிய நிறுவனமும் சான்று இன்றி உரிமையைக் காக்க இயலவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பதியாமையின் விலை

பதிவுச் செலவு மிகுதி எனக் கருதிப் பதிவைத் தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. சீனா முதலிய நாடுகளில் முதலில் பயன்படுத்தியவரைவிட முதலில் விண்ணப்பித்தவருக்கே பொதுவாக உரிமை கிடைக்கிறது.

* '''ஐபேட்''': ஆப்பிள் நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் இடைநிறுவனம் ஒன்றின் மூலம் தாய்வானின் புரோவியூ நிறுவனத்திடமிருந்து பல நாடுகளுக்கான 'ஐபேட்' குறியை 35,000 பவுண்டுக்கு வாங்கியது. சீனப் பதிவு அதே குழுமத்தின் சென்சென் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அதனால் எழுந்த வழக்கு 2012 ஆம் ஆண்டில் ஆப்பிள் 6 கோடி டாலர் செலுத்தியதன் மூலம் முடிவுற்றது.
* '''பர்கர் கிங்''': ஆஸ்திரேலியாவில் இப்பெயர் அடிலெய்டு நகர உணவகம் ஒன்றின் பதிவாக இருந்தமையால், 1971 ஆம் ஆண்டில் அங்கு 'ஹங்கிரி ஜாக்சு' என்னும் வேறு பெயரில் கடைகள் தொடங்கப்பட்டன. அப்பெயரே நிலைத்துவிட்டது.
* '''பிரையசு''': டொயோட்டா நிறுவனம் 1997 ஆம் ஆண்டில் ஜப்பானில் அறிமுகம் செய்த மகிழுந்தின் பெயரை இந்தியாவில் உதிரிப்பாக நிறுவனம் ஒன்று 2002 ஆம் ஆண்டில் பதிவு செய்தது. வெளிநாட்டில் பெற்ற புகழ் உரிய காலத்தில் இந்தியாவிலும் பரவியிருந்ததை மெய்ப்பிக்க வேண்டும் எனக் கூறி, 2017 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் டொயோட்டாவின் கோரிக்கையை ஏற்க மறுத்தது.

இதற்கு மாறாக, 1977 ஆம் ஆண்டில் இந்தியப் பதிவைக் காலாவதியாக விட்ட வேர்ல்பூல் நிறுவனத்துக்கு 1996 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எனினும் புதுப்பித்தலுக்குச் செலுத்தியிருக்க வேண்டிய சிறு தொகைக்கு ஈடாக, அந்நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை வழக்காட வேண்டியதாயிற்று.

செலவைக் கட்டுப்படுத்தும் வழிகள்

* உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் கட்டணமில்லா இணையத் தரவுத்தளத்தில் ஒத்த குறிகள் உள்ளனவா என விண்ணப்பிக்கும் முன் தேடுதல்.
* 1883 ஆம் ஆண்டின் பாரிசு ஒப்பந்தம் அளிக்கும் ஆறு மாத முன்னுரிமையைப் பயன்படுத்துதல். சொந்த நாட்டில் விண்ணப்பித்த ஆறு மாதங்களுக்குள் வெளிநாட்டில் விண்ணப்பித்தால் முதல் விண்ணப்ப நாளே அங்கும் கணக்கில் கொள்ளப்படும். இதனால் செலவைச் சற்றுப் பிற்படுத்தி, சந்தையைக் கணித்தபின் நாடுகளைத் தெரிவு செய்யலாம்.
* விற்பனை செய்யும் நாடுகளோடு பொருள் உற்பத்தியாகும் நாட்டையும் சேர்த்து, உண்மையில் பயன்படுத்தும் வகுப்புகளை மட்டும் தெரிவு செய்தல்.
* பெனலக்சு நாடுகள், ஐரோப்பிய ஒன்றியம் போன்ற கூட்டுப் பதிவுகளைக் கருதுதல்.
* ஒவ்வொரு நாட்டின் தவணை நாட்களையும் தனி நாட்குறிப்பில் பேணுதல்.

இவற்றையும் பார்க்க

* வணிகக்குறி
* அறிவுசார் சொத்துரிமை
* உலக அறிவுசார் சொத்து நிறுவனம்
* புவிசார் குறியீடு