சாந்துச் சட்டியும் வரைபலகையும்

என் அக்கா மகள் சென்னையில் பி.ஆர்க். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பொங்கல் விடுமுறைக்கு நெய்வேலி வந்தபோது கட்டுமானப் பாடப்புத்தகம் ஒன்றையும் கொண்டுவந்திருந்தாள். மொட்டைமாடித் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்புவதைப் பற்றி அதில் ஒரு பகுதி. நம் பக்கத்தில் அதைச் ‘சுருக்கி போடுவது’ என்பார்கள். பரப்பிய கலவையை மரக்கட்டையால் தட்டிக்கொண்டே வர வேண்டும். கட்டை பதியாமல் எகிறத் தொடங்கினால் தளம் இறுகிவிட்டது என்று பொருள். இதை ஆங்கிலத்தில் இரண்டு வரியில் எழுதியிருந்தார்கள்.

“சித்தி, இது பெரியாயா சொன்னதாச்சே” என்றாள்.

அவள் பெரியாயா என்றது என் அம்மாவைப் பெற்ற ஆயாவை. ஆயா சித்தாளாக இருந்தவர். நெய்வேலியில் நகரியம் எழும்பிய காலத்தில் சும்மாடு கட்டிச் சாந்து சுமந்தார். பிறகு விருத்தாசலம், கடலூர்ப் பக்கமெல்லாம் வேலைக்குப் போனார். சுருக்கி போடும் நாளில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, பாட்டுக்கு ஏற்பக் கட்டையை இறக்குவார்களாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்களாம். “கட்ட எகிறணும், சத்தம் மாறணும். காதுக்குத் தெரியும்” என்பார் ஆயா. அந்தக் காதைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு சொல்லும் இல்லை.

நான் தமிழ் நடத்துகிறவள். என் கண் அந்த இரண்டு வரியின் இலக்கணத்தில் போய் நின்றது. தட்டப்பட வேண்டும், நனைக்கப்பட வேண்டும், மூடப்பட வேண்டும். எல்லாம் செயப்பாட்டுவினை. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். தட்டினாள் என்றால் ஒருத்தி வந்துவிடுகிறாள், தட்டினார்கள் என்றால் ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. ‘தட்டப்படும்’ என்று எழுதினால் யாரும் வர வேண்டியதில்லை. கட்டடக்கலையின் வரலாற்றில் பெண்ணைத் தேடுகிறவர்கள் பெயர்ப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது, வினைச்சொற்களையும் பார்க்க வேண்டும் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

1957ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மே 20ஆம் தேதி நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் வெட்டும் பணியை நேரு தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது; 1962இல் சோவியத் உதவியுடன் கட்டிய அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. அதே 1957இல்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைக்கென்று ஒரு துறை தோன்றியது. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியாக இருப்பது அதுதான். அதே ஆண்டில் மாமல்லபுரத்தில் வைத்தியநாத ஸ்தபதியின் தலைமையில் அரசின் சிற்பப் பயிற்சி நிலையமும் தொடங்கியது. இப்போது அது அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் மரபுக் கட்டடக்கலைக்கு பி.டெக். பட்டமும், சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் பி.எஃப்.ஏ. பட்டமும் தருகிறது. தந்தையிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்தபதிகளின் கல்வி, விண்ணப்பம் போட்டுச் சேரும் படிப்பாக மாறியது. மகளுக்கும் அந்த விண்ணப்பத்தை நிரப்பும் உரிமை வந்தது. இது சிறிய மாற்றமல்ல.

அதற்கு முன்பே சிலர் வாசலைத் தட்டியிருந்தார்கள். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் 1936இல் பெரின் மிஸ்திரி கட்டடக்கலைப் பட்டயம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞராக அவரைச் சொல்கிறார்கள். கண்டியில் 1918இல் பிறந்த மினெட் டி சில்வாவும் அதே பள்ளியில் படித்தவர். விடுதலைப் போராட்டக் காலத்தில் காந்திக்கு ஆதரவாக நின்றதால் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். பின்பு லண்டனில் படிப்பை முடித்தார். 1948இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச கழகத்தில் இணை உறுப்பினரானபோது, அந்த இடத்தை எட்டிய முதல் ஆசியப் பெண் அவர்தான்.

சென்னைக் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940இல் அ. லலிதா மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்தவர். அவரைத் தொடர்ந்து லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் கட்டுமானப் பொறியியல் படிக்க வந்தார்கள். பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல் முன்கூட்டியே அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அந்தச் சான்றிதழில் அடித்தெழுதிய ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை பெண்களின் படிப்பு இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆனால் அந்த அடித்தல் திருத்தல் வரைபலகை வரைக்கும்தான் வந்தது. வேலையிடத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அங்கே ஒரு பையன் கையாளாக வருவான். சில ஆண்டுகளில் யாராவது அவன் கையில் கரணையைக் கொடுப்பார்கள். மட்டம் பார்க்கவும் தூக்குக்குண்டு விடவும் கற்றுக்கொண்டு கொத்தனார் ஆவான், மேஸ்திரியும் ஆவான். சித்தாளாக வருகிற பெண் முப்பது வருடம் கழித்தும் சித்தாளாகவே வீட்டுக்குப் போவாள். சாந்தின் பதம் அவளுக்குத் தெரியும், எந்தச் சுவர் குண்டு தப்பி நிற்கிறது என்று பார்த்ததும் தெரியும். கரணை மட்டும் கைக்கு வராது, அதோடு கூலியும் உயராது. ஆயாவின் காலத்தில் மேஸ்திரியின் நோட்டில் பெயர்கூட இல்லை. ‘சித்தாள் - 6’ என்று தலைக்கணக்கு எழுதுவாராம். தமிழ்நாட்டில் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்த பிறகு பெயரும் படமும் கொண்ட அட்டை கிடைத்தது. தொழிற்சங்கப் பெண்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது அது. பெண்களுக்குக் கொத்தனார் பயிற்சி வேண்டும் என்ற கோரிக்கையும் அவர்களிடமிருந்து வந்ததுதான். பயிற்சி பெற்ற பெண்கள் ஆங்காங்கே இருக்கிறார்கள். இருந்தும் கரணை பிடித்த பெண்ணைத் தெருவில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

பெண் கட்டியதாகப் பெயர் பதிந்த இடமும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விருத்தாசலம் கோயிலைக் கருங்கல்லில் எடுப்பித்தவர் பத்தாம் நூற்றாண்டுச் சோழ அரசி செம்பியன் மாதேவி. அவர் பெயரைக் கல்வெட்டு காத்தது. அவரிடம் நிலமும் பொன்னும் இருந்தன. அந்தக் கோயிலுக்கு மண் சுமந்தவர்களுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. கல்வெட்டுக்கும் மேஸ்திரி நோட்டுக்கும் ஆயிரம் ஆண்டு இடைவெளி. இரண்டிலும் யார் பெயர் விடுபடும் என்பது மட்டும் மாறவில்லை.

அம்மா கல்யாணமாகி, ஆயா சாந்து சுமந்த வரிசையிலேயே ஒரு வீட்டுக்குக் குடிவந்தார். பொதுத்துறை நகரியங்களில் எல்லாம் வீடு பதவியின் தரத்தைப் பொறுத்தது. வேலை ஆணுக்கு இருந்ததால் வீடும் அவர் பெயரில் இருந்தது. அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப் போகிறவளிடம் சமையற்கட்டு எப்படி வேண்டும் என்று கேட்டு வரைந்தவர்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு. மினெட் டி சில்வா கேட்டார். 1950களின் பிற்பகுதியில் கண்டிக்குப் பக்கத்தில் வட்டப்புளுவ என்ற இடத்தில் அரசு ஊழியர் குடியிருப்பை அமைக்கும்போது, குடிவரப் போகும் குடும்பங்களிடம் கேள்விப்படிவம் கொடுத்து அவர்களுக்கு என்ன தேவை என்று தெரிந்துகொண்டு வரைந்தார். வரைபலகை முன்னால் ஒரு பெண் உட்கார்ந்தால் இது தானாக நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் பதில் கிடைக்கும் என்பதை அவர் செய்து காட்டினார்.

ஆயா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதலில் மாடிக்குப் போவார். குதிகாலால் தளத்தைத் தட்டிப் பார்ப்பார். “ஒழுகாது” என்று சொல்லிவிட்டு இறங்கிவருவார். ஒரு கட்டடத்தைப் பற்றி நான் கேட்ட முதல் தொழில்நுட்ப அறிக்கை அதுதான். அப்போது அது எனக்குக் கிழவியின் பழக்கமாகத் தெரிந்தது.

இன்று கட்டடக்கலை வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். அக்கா மகளின் வகுப்பிலும் அப்படித்தான். அவளுக்கு ஒரு பழைய வீட்டை அளவெடுத்து வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள். வரைதாளின் மூலையில் ஒரு கட்டம் உண்டு: வரைந்தவர், சரிபார்த்தவர், நாள், அளவுவிகிதம். கட்டியவருக்கு அதில் இடமில்லை. “இதுல ஒரு வரி சேர்த்தா மார்க் குறைப்பாங்களா சித்தி?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வரி சேர்ப்பதற்கு முன்னால் போய்க் கேட்டு வா என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, கூலிவேலைக்கு ஆள் கூடும் முக்குக்கு இருவரும் போனோம். தூக்குவாளியோடு நின்றிருந்த ஓர் அக்காவிடம் சுருக்கியைப் பற்றிக் கேட்டாள்.

“இப்ப யாரு பாப்பா சுருக்கி போடுறா? என்னமோ பூசிட்டுப் போயிடுறாங்க. எங்கம்மாவோட நான் போட்டிருக்கேன்” என்றவர், நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திருத்தங்கள் சொன்னார். ஜல்லி எந்தப் பருமன், சுண்ணாம்பு எத்தனை நாள் புளிக்க வேண்டும், எந்த மூலையிலிருந்து தட்ட ஆரம்பிக்க வேண்டும். இவள் எழுதிக்கொண்டே வந்தாள். கடைசியில் அவர் கேட்டார்:

“நீ படிக்கிறியே, அதுக்கு என்ன படிச்சிருக்கணும்?”

“பன்னெண்டாவதுல கணக்கு எடுத்திருக்கணும்க்கா. அப்புறம் நாட்டான்னு ஒரு பரீட்சை. அஞ்சு வருஷம்.”

“எம்பொண்ணு பத்தாவது படிக்குது. நல்லா வரையும். கணக்கு வேணாம், கஷ்டம்னு வாத்தியாரு சொல்றாருன்னுச்சு.”

வேன் வந்து நின்றது. இவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கணக்குப் பிரிவு எடுக்க வேண்டும் என்றும், பரீட்சையின் பெயரையும், தன் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை மடித்துத் தூக்குவாளி மூடிக்குள் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.