ரேஷன் கடையும் பால்வாடியும்: உணவு உதவி வழியாக ஊரகக் குடும்பங்களைப் பிற நலச் சேவைகளோடு இணைத்தல்

தமிழகக் கிராமத்து வறிய குடும்பம் வட்டாட்சியர் அலுவலகப் படியேறுவது அரிது. வேறு வழியே இல்லை என்னும்போதுதான் அது நடக்கும். அதே குடும்பம் ரேஷன் கடைக்கு மாதம் தவறாமல் போகிறது. வீட்டில் பால்வாடிக்கு, அதாவது அங்கன்வாடிக்கு, போகும் வயதில் பிள்ளை இருந்தால் அங்கே நாள்தோறும் ஒருவர் போய்வருகிறார். அரசுக்கும் ஏழைக் குடும்பத்துக்கும் இடையே முறையாக நடக்கும் சந்திப்பு உணவை ஒட்டியே நடக்கிறது. இந்தச் சந்திப்பைக் கொண்டு அக்குடும்பத்தை மருத்துவம், ஓய்வூதியம், மகப்பேற்று உதவி, கல்வி போன்ற பிற சேவைகளோடு சேர்க்க முடியுமா என்பது பழைய கேள்வி. தமிழ்நாடு இதற்கு இரண்டு விதமாக விடை தேடியிருக்கிறது. ஒன்று, உணவுக்கான அட்டையையே மற்ற உதவிகளுக்கும் சான்றாக்குவது. மற்றொன்று, உணவு கொடுக்கும் இடத்தில் ஓர் ஆளை வைத்து, குடும்பத்தை அடுத்த சேவையிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பை அவரிடம் தருவது. முதல் வழி பரந்தது, விரைவானது. ஆனால் ஏற்கெனவே பதிவேட்டில் இருப்பவரோடு நின்றுவிடுகிறது. உண்மையான இணைப்பு நடந்த இடங்களில் எல்லாம் இரண்டாம் வழியே வேலை செய்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் அரிசி என்ற நடைமுறை தொடர்ந்தது. 2011 ஜூன் முதல் அந்த அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தபின், 2016 நவம்பரில்தான் தமிழ்நாடு அதில் சேர்ந்தது. அப்போதும் முன்னுரிமைக் குடும்பம், முன்னுரிமையற்ற குடும்பம் என்ற வகைப்பாடு அட்டையில் அச்சானதே தவிர, அரிசி நின்றுவிடவில்லை. இதனால் விளைந்த நன்மை பசி தீர்ந்தது மட்டுமல்ல. ஊரில் ஓரளவு வசதியுள்ளவரும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் நிற்பதால், ரேஷன் வாங்குவது இழிவு என்ற எண்ணம் வேரூன்றவில்லை. உதவி பெறுவதில் வெட்கம் குறுக்கிடாத இடமே பிற உதவிகளைப் பற்றிப் பேசவும் தோதானது.

அட்டை பல உதவிகளுக்குத் திறவுகோலானது இந்தப் பரப்பினால்தான். 2009இல் தொடங்கி, 2012இல் புது வடிவம் பெற்ற முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் வேண்டும். ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்து 2022இல் 1,20,000 ஆனது. பொங்கல் பரிசுத் தொகுப்பும் கொரோனாக் கால நிவாரணத் தொகையும் ரேஷன் கடை வழியாகவே போய்ச் சேர்ந்தன. 2021இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் அரிசி அட்டைதாரர்களுக்குக் கிடைத்தது. வங்கிக் கணக்கோ விண்ணப்பமோ கேட்கப்படவில்லை. ஊரடங்கில் இவ்வளவு விரைவாகப் பணம் கொண்டுபோக வேறெந்தத் துறையிடமும் பட்டியல் இல்லை.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை இந்த முறையின் உச்சம் எனலாம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட இத்திட்டத்துக்கு டோக்கனும் விண்ணப்பப் படிவமும் ரேஷன் கடைப் பணியாளர்கள் கையால் வீடுவீடாகப் போயின. எந்த நாள், எந்த முகாம் என்பதும் அந்த டோக்கனில் இருந்தது. ஓர் அட்டைக்கு ஒரு பெண், மாதம் 1,000 ரூபாய்; ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பயனாளிகள். குடும்ப வருமானம், நிலத்தின் அளவு, ஆண்டு மின் பயன்பாடு ஆகியவை வடிகட்டிகள். நிர்வாகத் திறனாகப் பார்த்தால் இது பெரிய சாதனை.

ஆனால் இங்கேதான் அட்டையின் குறையும் தெரிகிறது. அட்டை ஒரு குடும்பத்தை எப்படி வரையறுக்கிறதோ, அதுவே மற்றத் திட்டங்களுக்கும் வரையறையாகிவிடுகிறது. உரிமைத் தொகை பற்றிய பேச்சு எழுந்தவுடனே, அட்டையில் குடும்பத் தலைவராக இருக்கும் ஆணின் பெயரை நீக்கி மனைவியின் பெயரைப் போட மக்கள் விரைந்தார்கள். அது தேவையில்லை என்று அரசு விளக்கம் சொல்ல நேர்ந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே அட்டையில் இருந்தால் தொகை ஒருவருக்குத்தான். எனவே கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்து தனி அட்டை கேட்டவர்கள் பெருகினார்கள். புதிய அட்டை வழங்குவது சில மாதங்கள் நிறுத்தப்பட்டுமிருந்தது. கணவனால் கைவிடப்பட்ட பெண்ணின் நிலை இன்னும் சிக்கலானது. பழைய அட்டையிலிருந்து பெயர் நீங்கினால்தான் புதிய அட்டை, பெயரை நீக்கப் பழைய வீட்டாரின் ஒத்துழைப்பு தேவை. உதவி யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்கே அட்டையின் கதவு இறுகிக்கொள்கிறது.

செங்கல் சூளைகளிலும் கரும்பு வெட்டிலும் பருவந்தோறும் இடம்பெயரும் குடும்பங்களுக்கு 2020 அக்டோபருக்குப் பின் மாநிலத்தில் எந்தக் கடையிலும் அரிசி வாங்க முடிகிறது. அரிசி இடம் மாறியது, ஆனால் அதோடு சேர்ந்திருக்க வேண்டிய மற்றவை மாறவில்லை. பிள்ளையின் பால்வாடிப் பதிவு சொந்த ஊரில், கர்ப்பிணியின் பதிவு வேறு ஆரம்ப சுகாதார நிலையத்தில், தாத்தாவின் ஓய்வூதியம் ஊரில் உள்ள வங்கிக் கிளையில். இருளர் குடியிருப்புகளில் இனச் சான்றும் முகவரிச் சான்றும் இல்லாததால் அட்டையே இல்லாத வீடுகளும் உண்டு. அத்தகைய வீட்டுக்கு உணவும் இல்லை, உணவு வழியாக வரக்கூடியதும் இல்லை.

இரண்டாம் வழியின் வரலாறு வேறு. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோதே ஆறு சேவைகளைப் பால்வாடி என்ற ஒரே கூரைக்கீழ் வைத்தது: இணை உணவு, முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்துக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் சிகிச்சைக்குப் பரிந்துரை. பின்னுள்ள மூன்றும் சுகாதாரத் துறையின் பொறுப்பு. அதாவது ஒரு துறையின் உணவைக் கொண்டு இன்னொரு துறையின் ஊசிக்குத் தாயையும் பிள்ளையையும் வரவழைப்பதே திட்டத்தின் அடிப்படை. காகிதத்தில் இது எல்லா மாநிலங்களுக்கும் பொது. நடைமுறையில் இதைக் கூர்மைப்படுத்தியது 1980இல் மதுரை மாவட்டத்தில் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்.

அத்திட்டம் உணவை எல்லோருக்கும் அள்ளித் தரவில்லை. ஆறு மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் மாதந்தோறும் எடை எடுத்தார்கள். எடை ஏறாமல் நின்றுபோன பிள்ளைக்கு மட்டும் சுமார் 90 நாள் இணை உணவு. அதற்குப் பின்னும் எடை ஏறவில்லை என்றால் சுகாதாரப் பணியாளரிடம் அனுப்புவார்கள். உணவு இங்கே சோதனைக் கருவியாகவும் பயன்பட்டது: சாப்பிட்டும் தேறாத பிள்ளைக்கு வேறு நோய் இருக்கலாம் என்று பொருள். எடை எடுக்கும் பெண் அதே ஊர்க்காரி. தாய்மார்கள் எதிரிலேயே வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார். கோடு கீழே இறங்கினால் படிப்பறியாத தாய்க்கும் விளங்கும். இத்திட்டத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கதும் உண்டு. தேறிய பிள்ளையின் உணவை நிறுத்துவது ஊராருக்கு நியாயமாகப் படவில்லை. எடை கூடினால் உணவு நின்றுவிடும் என்ற எண்ணம் உருவாவதையும் தடுக்க இயலாது. 1997வாக்கில் இதன் இரண்டாம் கட்டம் முடிந்து, ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தோடு கலந்துவிட்டது.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இதற்கு நேர்மாறான நோக்குடையது: தகுதி பார்க்காமல் சூடான சோறு. முதலில் ஊரகப் பால்வாடிப் பிள்ளைகளும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் இதில் சேர்க்கப்பட்டார்கள். செலவைக் காட்டி எதிர்த்தவர்கள் அன்று பலர். ஆனால் சத்துணவு வந்ததால் பால்வாடி ஊர்தோறும் முளைத்தது; அமைப்பாளர், சமையலர், உதவியாளர் வேலைகள் பெண்களுக்கு, குறிப்பாகக் கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும், கிடைத்தன. தடுப்பூசியும் எடையும் பின்னால் வந்து அமர்வதற்கான கட்டடமும் ஆளும் இதனால்தான் உருவாகின.

இன்றைய நடைமுறையை ஒரு புதன்கிழமைப் பால்வாடியில் பார்க்கலாம். கிராம சுகாதார செவிலியர் குளிர்பெட்டியோடு வந்து பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறார். கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின் பார்த்து இரும்புச் சத்து மாத்திரை தருகிறார். பல ஊர்களில் அதே நாளில் சத்துமாவுப் பொட்டலம் கொடுக்கிறார்கள். மாவுக்கு வந்தவர் ஊசியும் போட்டுக்கொண்டு போகிறார். கர்ப்பிணி அல்லது கைக்குழந்தைக்கான அந்த மாவை வீட்டில் கொழுக்கட்டையாக்கி எல்லோரும் பகிர்ந்துண்பது உண்டு. ஊட்டச்சத்து அலுவலர்களுக்கு இது மனக்குறை. இணைப்பின் கோணத்திலிருந்து பார்த்தால் அது அவ்வளவு பெரிய இழப்பில்லை. மாவு தன் வேலையில் பாதியை, தாயைப் பால்வாடிக்கு வரவழைத்ததிலேயே செய்துவிட்டது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, இந்தக் கண்ணியின் அடுத்த வளையம். 1987இல் தொடங்கிய இந்த உதவி 2006இல் 6,000, 2011இல் 12,000 என உயர்ந்து 2018இல் 18,000 ரூபாயானது. அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. கர்ப்பத்தைப் பதிவது, பரிசோதனைக்குப் போவது, அரசு மருத்துவமனையில் பிரசவிப்பது, பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவது என்ற படிகளைக் கடப்பதையொட்டிப் பணம் தவணைகளாக வருகிறது. பதிவை முதலில் செய்பவர் செவிலியர். கர்ப்பம் பற்றிய செய்தியை அவருக்குச் சொல்பவர் பெரும்பாலும் பால்வாடிப் பணியாளர். தவணை தாமதமாகிறது என்ற புகார் ஓயவில்லை என்றாலும், பிரசவம் மருத்துவமனைக்கு மாறியதில் இந்த ஏற்பாட்டுக்குப் பங்குண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிறுவனங்களில் நடந்தன.

அதே ஆய்வு ஒரு சங்கடத்தையும் சொல்கிறது. பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். சேவையிடம் கொண்டுசேர்ப்பது வேறு, அந்தச் சேவையால் உடல் தேறுவது வேறு. அரிசியும் மாவும் வீட்டுக்கு வந்தாலும் பருப்பு, கீரை, முட்டை, சுத்தமான குடிநீர், கழிப்பறை ஆகியவை சேராமல் இரத்தசோகை குறையாது. உணவு உதவியை இணைப்புக் கருவியாகப் புகழ்பவர்கள் இந்த எல்லையை மறப்பதுண்டு.

வெளிநாட்டு ஒப்புமையில் பொருத்தமானது அமெரிக்காவின் பெண்கள், கைக்குழந்தைகள், சிறுவர்களுக்கான ஊட்டச்சத்துத் திட்டம். அதன் முதல் நிலையம் 1974இல் கென்டக்கி மாநிலத்தின் பைன்வில் என்ற மலைப்பகுதிச் சிற்றூரில் திறக்கப்பட்டது. குறிப்பிட்ட உணவுப் பொருள்கள், ஊட்டச்சத்து ஆலோசனை, மருத்துவத்துக்குப் பரிந்துரை ஆகிய மூன்றும் அங்கே ஒரே தொகுப்பு. 1989இல் வந்த சட்டத் திருத்தத்தால், ஏழைகளுக்கான மருத்துவ உதவியோ உணவுக் கூப்பனோ பெறுபவர் வருமானச் சான்றை மறுபடி காட்ட வேண்டியதில்லை. அட்டையும் ஆளும் அங்கே ஒன்றையொன்று தாங்குகின்றன: சான்றைத் தாள் பார்த்துக்கொள்கிறது, அதனால் ஆலோசகருக்குத் தாயோடு பேச நேரம் கிடைக்கிறது. அங்குள்ள ஊரகத் தாய்க்கு இடையூறு தொலைவு. நிலையத்துக்கு நெடுந்தூரம் வண்டியில் போக வேண்டும். தமிழ்நாட்டில் பால்வாடி தெருமுனையில் இருக்கிறது. இங்குள்ள இடையூறு பணியாளரின் நேரம்.

ஆள் வழியின் மீதான வலுவான மறுப்பும் இதுவே. பால்வாடிப் பணியாளர் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர வேண்டும், எடை எடுக்க வேண்டும், வீடுகளுக்குப் போக வேண்டும், சோற்றை மேற்பார்க்க வேண்டும். 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியில் நாள்தோறும் பதிவும் ஏற்ற வேண்டும். கணக்கெடுப்பு எதுவானாலும் முதலில் நினைவுக்கு வருபவரும் அவரே. அரசு ஊழியருக்குரிய முழு ஊதியம் இன்றி இத்தனையையும் செய்பவரிடம் இன்னொரு திட்டத்தை ஒப்படைப்பது எளிது. அது நடக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் கடினம். இணைப்பு வேலையைக் கூடுதல் பணியாகப் போட்டால், முதலில் கைவிடப்படுவது வீட்டுச் சந்திப்புதான், ஏனெனில் அது செயலியில் தெரியாது.

ரேஷன் கடையில் அப்படி ஓர் ஆளே இல்லை. விற்பனையாளரும் எடை போடும் கட்டுநரும் நூற்றுக்கணக்கான அட்டைகளுக்குப் பொறுப்பு. மிஷினில் விரல் வை, பில் போடு, அரிசி எடை போடு, அடுத்த ஆள். வாங்காத பொருளுக்கும் வாங்கியதாகக் குறுஞ்செய்தி வருவது குறித்த சண்டையில்தான் இங்கே உரையாடல் நீளும். கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்கள். பயிர்க்கடனும் நகைக்கடனும் தரும் அதே தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் கடையில் அரிசி வாங்கும் சிறு விவசாயிக்கு, கடன் பற்றி அங்கே எவரும் சொல்வதில்லை. கூலிக்காரருக்கு நலவாரியப் பதிவு பற்றியும் அப்படியே.

2025 ஆகஸ்டில் தொடங்கிய முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம் இந்த நிலையை மாற்றக் கூடியது. முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே மாதம் ஒருமுறை ரேஷன் பொருள்களைக் கடைப் பணியாளர் கொண்டுபோகிறார். விரல் ரேகை தேய்ந்து மிஷின் ஏற்காமல் அலைந்தவர்களுக்கு இதனால் கிடைக்கும் நிம்மதி பெரிது. தனியே வாழும் முதியவரின் வாசலுக்கு அரசுப் பணியாளர் ஒருவர் ஒழுங்காகப் போவதென்பது வேறு துறைகளில் இந்த அளவில் அரிது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம்கூட நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை நோய் கண்டறியப்பட்டவரின் வீட்டுக்குத்தான் கொண்டுபோகிறது. கடைப் பணியாளரிடம் முதியோர் ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பச் சொல்வது தவறு. பால்வாடியில் நடந்த தவறே மறுபடி நடக்கும். அவர் மிஷினில் இரண்டு கேள்விகளுக்கு விடை பதிந்தால் போதும்: ஓய்வூதியம் வருகிறதா, மாத்திரை கிடைக்கிறதா. ‘இல்லை’ என்ற விடை சமூகப் பாதுகாப்புத் தனி வட்டாட்சியருக்கும் வட்டாரச் சுகாதார அலுவலருக்கும் தானே போக வேண்டும். அதற்கு எத்தனை நாளில் என்ன நடவடிக்கை என்பதைக் கேட்கும் அதிகாரம் கிராம சபைக்கு இருக்க வேண்டும். விடை எதுவாக இருந்தாலும் அரிசி நிற்கக் கூடாது. மற்றச் சேவையை ஏற்றால்தான் அரிசி என்று ஒருமுறை ஆகிவிட்டால், பணியாளர் வரும்போது கதவைத் திறப்பவர்கள் குறைவார்கள்.