கொடுமுடியிற் பிறந்த குரல்

இசையில் வல்லார் ஒருவரைக் கண்டால் அது தெய்வம் தந்த வரம் என்று கைகூப்பி நிற்பது நம்மவரின் வழக்கம். அவர் பட்ட பசி என்ன, பழகிய பாடு எத்தனை, அவருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் யார் என்று விசாரிப்பார் மிகச் சிலரே. கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் இளமை வரலாற்றை அவ்விதம் விசாரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அம்மையார் 1908-ஆம் ஆண்டில் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியிற் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். இளம்பருவத்திலேயே தந்தையை இழந்த அக்குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. உற்றார் துணையும் போதவில்லை. ஓடும் ரயில் வண்டியிற் பாடி, பிரயாணிகள் கொடுத்த காசைக் கொண்டு அக்குழந்தை வயிறு வளர்த்தது என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் வரலாறு. ரயில்வே அதிகாரியும் நாடகக் கலையிற் பெரும் பற்றுடையவருமான எஃப். ஜி. நடேசய்யர் அக்குரலைக் கேட்டு வியந்து, நாடக மேடைக்கு வழிகாட்டினார் என்றும் கூறுவர். பின்னர் வேலு நாயர் நாடகக் குழுவிற் சேர்ந்த அச்சிறுமி, 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் வாடும் பாலகனாக வேடம் பூண்டு பாடியபோது சபையோர் கண்கலங்கினர். பசியை அறியாதவர் அவ்வேடத்தைப் பிறரைப் பார்த்துத்தான் நடிக்கவேண்டும். அச்சிறுமிக்கோ அது சொந்த அனுபவமாயிருந்தது.

அக்காலத்து மேடை எத்தகையது என்பதை இன்றைய வாசகர் அறிதல் வேண்டும். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைக்கோடியில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கவேண்டும். மேனாட்டிலிருந்து வந்த ஆர்மோனியப் பெட்டி உயர்ந்த சுருதியில் முழங்க, அதற்கும் மேலாகக் குரல் எழவேண்டும். இரவு தொடங்கிய நாடகம் விடியும்வரை நடப்பதுண்டு. 'ஸ்பெஷல் நாடகம்' என்றால், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள் ஒத்திகையின்றி மேடையிற் சந்தித்து, பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல் ஈடுகொடுத்தல் வேண்டும். இக்கடும்பள்ளியிற் பயின்றே சுந்தராம்பாளின் குரல் உரம் பெற்றது. வரம் என்று நாம் சொல்லுவது இவ்வுழைப்பைத்தான்.

கடல் கடந்து பிழைக்கச் சென்ற தமிழர் இருந்த இடமெல்லாம் நாடகமும் சென்றது. 1926-ஆம் ஆண்டில் கொழும்பு நகர மேடையில், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் அம்மையார் சேர்ந்து நடிக்கலானார். கிட்டப்பாவோ அந்நாளில் இணையற்ற பாடகர். அவருடைய தமையனார் காசி அய்யர் ஆர்மோனியம் வாசிப்பதிற் பெயர் பெற்றவர். இத்தகையவரோடு பாடி எதிர்நிற்க இப்பெண்ணால் ஆகுமோ என்ற ஐயம் மேடையிலேயே தீர்ந்தது. 'வள்ளி திருமண'த்தில் அவர் வேலனாகவும் இவர் வள்ளியாகவும் தோன்ற, ஜனங்கள் திரள் திரளாக வந்தனர். 1927-ல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு முன்னரே ஒரு மனைவி உண்டு, சாதியும் வேறு. மேடையில் இருவரையும் ஒருங்கே கொண்டாடிய சமூகம், மேடைக்கு வெளியே அப்பெண்ணுக்கு அதே மதிப்பை அளிக்கவில்லை. நாடகக்காரி என்ற ஒரு சொல்லால் ஒரு பெண்ணின் மானத்தை அளந்த காலம் அது.

1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி, கிட்டப்பா தமது இருபத்தேழாம் வயதில் காலமானார். இருபத்தைந்தே வயதான அம்மையார் வெள்ளாடை பூண்டு மேடையை விட்டு விலகினார். ஆடவருடன் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி கொண்டார். இதனைக் கற்பின் சிகரம் என்று போற்றுவோர் பலர். அவருடைய அன்பின் ஆழத்தை நாமும் வணங்குகிறோம். ஆயினும் நாம் ஒன்று கேட்கிறோம்: மனைவியை இழந்த எந்த ஆடவனிடமாவது இச்சமூகம் இத்தகைய துறவை எதிர்பார்த்ததுண்டோ?

அவருடைய குரல் அடங்கிவிடவில்லை. 1935-ல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான நந்தனாராக அம்மையாரே ஆண்வேடம் தாங்கினார். வேதியராக நடித்தவர் கர்நாடக இசை வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத அய்யர். இப்படத்திற்காக அம்மையார் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளில் எவரும் கனவிலும் எண்ணாத தொகை. ரயிலிற் காசுக்குப் பாடிய குழந்தை, தன் குரலின் விலையைத் தானே கூறிப் பெறும் நிலைக்கு உயர்ந்தது. பின்னர் 1953-ல் 'ஔவையார்' படம் வந்தது, 1950-களில் சென்னை சட்ட மேல்சபை உறுப்பினராகவும் அமர்ந்தார், 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1980-ல் மறைந்தார்.

அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்களிடையே 'சோல்' என்னும் இசை பிறந்தது. அதன் அரசி எனப் போற்றப்பட்ட அரீதா பிராங்க்ளின் 1942-ல் பிறந்தவர். தந்தை டெட்ராய்ட் நகரில் புகழ்பெற்ற போதகர். அவர் தேவாலயத்திற் பாடியும், கேள்வி ஞானத்தாலேயே பியானோ பழகியும் வளர்ந்த அப்பெண், 1967-ல் உலகப் புகழ் எய்தினார். அவருக்கு வீட்டில் வாத்தியம் இருந்தது; பாட்டைக் கேட்டு உற்சாகப்படுத்த ஒரு சபையே இருந்தது. சுந்தராம்பாளுக்கு வாய்த்ததோ ஒரு ரயில் பெட்டியும் காது கொடுத்துக் கேட்ட ஒருவரும். அவ்வொருவர் வேறு வண்டியில் ஏறியிருந்தால் நமக்கு ஔவையார் கிடைத்திருப்பாரா?

தஞ்சோங் கிளிங் முதலிய ஊர்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு வெறுங் கதையன்று. தோட்டத்து லயத்திலும் ரப்பர் மரத்தடியிலும் நம் தாய்மார் பாடிய பாடல்கள் எத்தனையோ காற்றோடு போயின. அவர்களுள் ஒரு சுந்தராம்பாள் இருந்திலர் என்று துணிந்து கூற வல்லார் யார்? பாடுகின்ற குழந்தையை, அதிலும் பெண் குழந்தையை, வாயை மூடு என்று அதட்டாமல், அருகில் அமர்ந்து கேளுங்கள். நம் சங்கங்களும் பள்ளிகளும் ஓர் ஆர்மோனியமும் ஓர் ஆசிரியரும் அமர்த்தினால் அதுவே பெருந்தொண்டாகும். குழந்தையின் எதிர்காலத்தை, ரயிலில் வரும் யாரோ ஒருவரின் காதை நம்பி விட்டுவிடுதல் தகாது.